ஓஷுன் ஆற்றங்கரையில்: புனித நீரும் குடிநீரும்

ஓஷோக்போ நகரம் உண்டான கதையே ஆற்றின் முறையீடு ஒன்றில்தான் தொடங்குகிறது. நைஜீரியாவின் தென்மேற்கில், யொரூபா மக்களின் நிலத்தில், வற்றாத நீரைத் தேடி வந்த லாரோயே என்ற தலைவனும் டிமெஹின் என்ற வேட்டைக்காரனும் ஓர் ஆற்றங்கரையில் குடியேற எண்ணிக் காட்டைத் திருத்தினார்களாம். வெட்டிய மரமொன்று ஆற்றில் சாய்ந்தபோது, ‘காட்டு மந்திரவாதிகளே, என் சாயப் பானைகளையெல்லாம் உடைத்துவிட்டீர்களே’ என்று நீருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டதாம். அது ஓஷுன் தெய்வத்தின் குரல். மன்னிப்புக் கேட்ட குடிகளுக்கு அவள் அடைக்கலம் தந்தாள். கரையை விட்டு மேட்டுநிலத்திற்குப் போய் ஊர் அமைத்துக்கொள்ளும்படியும் சொன்னாள் என்று மரபு கூறுகிறது. அந்த ஊரின் மன்னருக்கு இன்றும் அட்டாவோஜா என்பதே பட்டம். ஆற்றின் தூதாக வந்த மீனைக் கைநீட்டி ஏற்றவர் என்பது அதன் பொருள்.

மரத்தை ஆற்றில் தள்ளாதே, வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் வீடு கட்டாதே, நீரில் வாழும் உயிர்களுக்குத் தீங்கு செய்யாதே என்று இன்றைய சுகாதாரத் துறை துண்டறிக்கை அடித்துச் சொல்லக்கூடியவற்றை இந்தக் கதை பல நூறாண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறது. ஆனால் அதே ஆற்றின் நீர் இன்று குடிக்கத் தகாததாகிவிட்டது. தெய்வத்தின் உடலாகவே கருதப்படும் நீரைக் குடிக்காதீர்கள் என்று மக்களிடம் யார் சொல்வது, எந்தச் சொற்களில் சொல்வது என்பது ஆப்பிரிக்கப் பழங்குடிச் சமூகங்களின் சுற்றுச்சூழல் நலக் கல்வியில் மிகக் கடினமான கேள்வி. அதை ஓஷுன் கரையில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரின் ஓரத்தில், ஆற்றின் இரு கரையிலுமாக, ஏறத்தாழ 75 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது ஓஷுனின் கோயில்காடு. அங்கே மரம் வெட்டக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது, வேட்டையாடக் கூடாது. தென் நைஜீரியாவின் முதுகாடுகள் பெரும்பாலும் அழிந்துபோன பிறகு எஞ்சிய சில துண்டுகளில் இதுவும் ஒன்று. 1950-களில் வழிபாடு தளர்ந்து, மரங்கள் வெட்டப்பட்டு, நிலம் பறிபோகும் நிலை வந்தது. அப்போது, 1950-இல் நைஜீரியாவுக்கு வந்து யொரூபாத் தெய்வ வழிபாட்டில் தீட்சை பெற்ற ஆஸ்திரியக் கலைஞர் சூசன் வெங்கரும், அடெபிசி அகன்ஜி முதலிய உள்ளூர்க் கொத்தர்களும் சிற்பிகளும் சிதைந்த சந்நிதிகளைச் சிமெண்டிலும் இரும்பிலும் மரத்திலும் மீண்டும் எழுப்பினார்கள். சிலை நிற்கும் இடத்தில் மரத்தை வெட்டக் கை நடுங்கும் என்பது அவர்கள் அறிந்தே செய்த ஏற்பாடு. 1965-இல் காட்டின் ஒரு பகுதி தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. சமய நிறுவனம் ஒன்று சூழலைக் காத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றைத் தேட வேண்டியதில்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்டில் பன்னிரண்டு நாள் திருவிழா நடக்கிறது. அதன் முதல் சடங்கின் பெயர் இவோபோபோ. ஆற்றுக்குச் செல்லும் வழியையும் நகரையும் துப்புரவு செய்வதே அந்தச் சடங்கு. இறுதி நாளில் அருக்பா என்ற மணமாகாத பெண், காணிக்கைகள் நிறைந்த பெரிய சுரைக்குடுக்கையைத் தலையில் சுமந்துகொண்டு அரண்மனையிலிருந்து கோயில்காட்டுக்கு நடந்து வருவாள். குருமார்கள் காணிக்கையை ஆற்றில் சேர்த்த பிறகு, அதுவரை காத்திருந்த கூட்டம் கரையை நோக்கி நகரும். பிளாஸ்டிக் கேன்களிலும் பாட்டில்களிலும் நீரை முகந்துகொள்வார்கள், முகத்தில் தெளித்துக்கொள்வார்கள், குடிப்பார்கள், வர முடியாத உறவினர்களுக்காக வீட்டுக்கும் கொண்டு போவார்கள். ஓஷுன் பிள்ளை வரம் தருபவள். மருத்துவர்கள் வருவதற்கு முன்பே குளிர்ந்த நீரால் தன் பிள்ளைகளைப் பேணி வளர்த்தவள் என்பது அவளைப் போற்றும் மரபுரைகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. ஆகவே அந்தக் கேன்களோடு கரையில் நிற்பவர்களில் குழந்தைக்காக ஏங்கும் பெண்கள் நிறையப் பேர்.

ஆற்றின் மேல்பகுதியில், இலேஷா நகரைச் சுற்றிய நிலத்தில் தங்கம் கிடைக்கிறது. உரிமம் பெற்றும் பெறாமலும் அங்கே நடக்கும் சிறு சுரங்கங்களில் மண்ணை நீரால் அடித்துக் கரைத்து, பொன் துகள்களைப் பிடிக்கப் பாதரசம் சேர்க்கிறார்கள். பாதரசமும் பொன்னும் ஒட்டிய உருண்டையைத் துணியில் வைத்துப் பிழிந்து, தீயில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும், பொன் தங்கும். ஆவியானது காற்றில் கலந்து மண்ணில் இறங்குகிறது. பிழிந்ததும் சிந்தியதும் வண்டலோடு ஓடைகளில் சேர்ந்து ஆற்றுக்கு வருகிறது. சில ஆண்டுகளாகவே ஆற்றின் நிறம் செம்பழுப்பாக மாறிவிட்டதை வழிபடுவோரே வேதனையோடு சொல்லிவருகிறார்கள். தன்னார்வக் குழுக்கள் எடுத்த நீர் மாதிரிகளில் பாதரசமும் ஈயமும் அனுமதிக்கப்பட்ட அளவை விட மிக அதிகமாக இருந்தன. மாநில அரசும் நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கைக்குப் பின்னும் மக்கள் முகந்து குடித்தார்கள்.

இதை அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது தவறு. யொரூபா நிலத்தில் சுகாதாரக் கல்வி எந்த முகத்தோடு வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சுகாதார ஆய்வாளர்கள் வீடு வீடாக நுழைந்து, தண்ணீர்ப் பானையின் மூடியைத் தூக்கி, கொசுப்புழு நெளிகிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் அபராதம். மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் ‘வொலே வொலே’. வீட்டை எட்டிப் பார்ப்பவர் என்று அதைச் சொல்லலாம். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு பானை நீரில் முட்டையிடுகிறது என்ற அறிவியல் முழுக்கச் சரியானது. ஆனால் அது அடுக்களைக்குள் அதிகாரியின் கையாக வந்தது. விடுதலைக்குப் பிறகும் அந்தப் பெயர் நெடுங்காலம் வழக்கில் இருந்தது.

அதே காலத்தில் மக்கள் தாமாகவே திரண்டு போன இடம் வேறு. 1930-இல், அதே இலேஷா நகரில், ஜோசப் அயோ பாபலோலா என்ற இளைஞர் நடத்திய எழுப்புதல் கூட்டத்திற்கு ஆயிரக்கணக்கானோர் பாத்திரங்களில் நீரோடு வந்தார்கள். ஜெபித்து ஆசீர்வதிக்கப்பட்ட அந்த நீருக்கு ‘ஓமி இயே’, அதாவது ஜீவ நீர், என்று பெயர். மருந்து வேண்டாம், ஜெபமும் நீருமே போதும் என்று வாழ்ந்த ‘அலடுரா’ என்னும் ஜெபக்காரர் சபைகள் அந்த இயக்கத்தில் வேர்கொண்டு வளர்ந்தன. கிறித்தவத்திற்கு மாறிய பிறகும் நோய் தீர்க்கும் நீர் என்ற நம்பிக்கை போகவில்லை. அதை வழங்கும் நிறுவனம் மட்டுமே மாறியது. இன்று ஓஷுன் மாநிலத்தில் பெரும்பான்மையோர் முஸ்லிம்களும் கிறித்தவர்களுமே. பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் மட்டும் சுகாதாரச் செய்தியைச் சொன்னால், கரையில் கேனோடு நிற்பவரை அது சென்றடையாது. சென்றடைந்தாலும் மாற்று மதத்தார் தம் தெய்வத்தைப் பழிக்கிறார்கள் என்றே அவர் காதில் விழும் அபாயம் இருக்கிறது. எந்த நீரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த நீருக்குக் காவலாக இருப்பவர்களின் வாயிலிருந்து அந்தச் சொல் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி நடக்கக்கூடும் என்பதற்கு யொரூபா நிலத்திலேயே ஒரு முன்னனுபவம் உண்டு. கினியா புழு என்று உலகம் அழைக்கும் நோயைத் தமிழில் நரம்புச் சிலந்தி என்கிறோம். 1996 வரை இந்தியாவிலும் இருந்த நோய் அது. குளத்து நீரிலுள்ள சைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய பூச்சியோடு புழுவின் இளம் வடிவம் வயிற்றுக்குள் போய், ஓராண்டு கழித்து, இரண்டு மூன்றடி நீளமுள்ள வெண்ணிறப் புழுவாகக் காலில் கொப்புளத்தை உடைத்துக்கொண்டு வெளிவரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் குளத்தில் வைத்தால் புழு மீண்டும் நீரில் குஞ்சுகளைக் கக்கும். யொரூபாவில் இதன் பெயர் ‘சொபியா’. இடேரே என்ற ஊரில் இபடான் பல்கலைக்கழகத்தார் பல ஆண்டுகள் ஆய்ந்தபோது, சொபியா எல்லோர் உடலிலும் இயல்பாகவே இருக்கும் ஒன்று, தசைநார் போல உடலோடு பிறந்தது என்று மக்கள் கருதியது தெரியவந்தது. அதை நரம்போடு சேர்த்துப் பெயரிட்ட நமக்கு இந்த எண்ணம் அவ்வளவு அயலானது அல்ல. புழு உடலோடு பிறந்தது என்றால் நீரை வடிகட்டி என்ன பயன்? ‘அழுக்கு நீரைக் குடிக்காதீர்கள்’ என்ற அறிவுரை அங்கே பற்றிக்கொள்ள இடமே இல்லை.

பிற நாடுகளிலும் பல ஊர்களில் குளம் முன்னோர்களுக்கு உரியதாகவோ தெய்வத்துக்கு உரியதாகவோ இருந்தது; அதில் பூச்சிக்கொல்லி மருந்து ஊற்றுவதை மூப்பர்கள் தடுத்தார்கள். அவர்களோடு அமர்ந்து பேசிய பணியாளர்கள் கையாண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது எளிய செயல் ஒன்று. கண்ணாடிக் குவளையில் அந்தக் குளத்து நீரையே முகந்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துள்ளும் பூச்சிகளை எல்லோருக்கும் காட்டுவார்கள். பிறகு பானையின் வாயில் நைலான் வலைத்துணியைக் கட்டி அதே நீரை ஊற்றி, துணியில் தங்கியதைக் காட்டுவார்கள். குளத்தின் பெருமைக்கு இதில் எந்தக் குறையும் இல்லை. குளத்தில் வந்து தங்கிய ஒன்றைப் பிரித்தெடுத்தாயிற்று, அவ்வளவுதான். துணியை வீட்டுப் பெண்கள் கட்டினார்கள்; உள்ளூர்த் தையற்காரர்கள் தைத்தார்கள்; புழு வெளிவரும் காலோடு குளத்தில் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை ஊர்த்தலைவர்களும் குருமார்களும் விதித்தார்கள். 1980-களின் இறுதியில் நைஜீரியாவில் எடுத்த கணக்கெடுப்பில் 6,50,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள்; 2008-க்குப் பிறகு அங்கே ஒருவரும் இல்லை. 2013-இல் நாடு நோயற்றதாகச் சான்று பெற்றது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை, நோயைக் குணமாக்கும் மருந்தும் இல்லை. மக்களின் பழக்கம் மாறியதே பெருங்காரணம்.

ஓஷுன் ஆற்றில் அந்த வழி செல்லாது. வலைத்துணி சைக்ளாப்ஸைத் தடுக்கும். நீரில் கரைந்த ஈயத்தைத் தடுக்காது. கொதிக்க வைத்தால் காலரா கிருமி சாகும். உலோகம் அப்படியே இருக்கும், நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். வண்டல் அடியில் படியும்வரை பொறுத்திருந்தால் சகதியோடு ஒட்டிய உலோகத்தில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மைதான். ஆனால் தெளிந்த நீரெல்லாம் குடிக்கத் தக்க நீர் ஆகிவிடாது. முப்பது நாற்பது ஆண்டுகளாகச் சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராகக் கற்பித்த ‘காய்ச்சுங்கள், வடிகட்டுங்கள்’ என்ற பாடம் இங்கே ஒரு பொய்யான நிம்மதியைத்தான் தருகிறது. ஈயமும் பாதரசமும் கருப்பையைக் கடந்து சிசுவின் மூளையைத் தாக்கக்கூடியவை. பிள்ளை வேண்டி நீரைக் குடிக்கும் பெண்ணுக்குத்தான் இது எல்லோரையும் விடக் கேடு. இதை எழுதும்போது மனம் கனக்கிறது.

பொன்னும் ஈயமும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை நைஜீரியா ஒருமுறை மிகக் கொடூரமாகக் கண்டிருக்கிறது. 2010-இல் வடமேற்கிலுள்ள ஸம்ஃபாரா மாநிலத்தில் சில சிற்றூர்களில் குழந்தைகள் வலிப்பு கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். மலேரியா என்றே முதலில் எண்ணினார்கள். அங்கே கிடைத்த பொன்தாதுவில் ஈயம் மிகுதி. அந்தத் தாதுவை மாவு அரைக்கும் எந்திரத்திலேயே பொடி செய்தார்கள். வேலையின் பெரும்பகுதி வீட்டு முற்றத்திலேயே நடந்தது. ஹவுஸா முஸ்லிம் குடும்பங்களில் மணமான பெண்கள் வீட்டை விட்டு வெளியே போகாத ‘குல்லே’ என்ற வழக்கம் உண்டு. ஆகவே தாது அவர்களிடம் வந்தது, தூசி முற்றத்தில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் வந்தது. 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

சமய வழக்கம் நச்சு எந்த வழியில் உடலுக்குள் போகிறது என்பதையே வகுத்த இடம் இது. அப்படியிருக்க, அதிலிருந்து மீளும் வழியும் அந்தச் சமய, மரபு அமைப்புகளைத் தொடாமல் அமைந்திருக்க முடியாது. அயல் ஆண் நுழையக் கூடாத முற்றத்தில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, நல்ல மண்ணைக் கொட்ட வேண்டும். அந்தப் பகுதியின் மரபு ஆட்சியாளரான அன்கா எமிரின் அரண்மனையும் ஊர்த் தலைவர்களும் இசைந்து கூட்டாளிகளானதால்தான் வாசல்கள் திறந்தன. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ஈயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் சிகிச்சையை அளித்தது. ஆனால் முற்றம் சுத்தமாகாத வீட்டுக்குக் குழந்தையைத் திருப்பி அனுப்பினால் சிகிச்சை வீண் என்பதால், மண் அகற்றப்பட்ட ஊர்களின் குழந்தைகளுக்கே அது சாத்தியமாயிற்று. பகேகா என்ற பெரிய ஊரின் முறை வர 2013 ஆயிற்று. பொன் எடுக்காதே என்று தடை போட்டிருந்தால் தொழில் மறைவாக இன்னும் உள்ளறைக்குப் போயிருக்கும். அரைப்பதையும் கழுவுவதையும் ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள், வேலைத் துணியோடு வீட்டுக்குள் வராதீர்கள், குழந்தையின் கையைக் கழுவுங்கள் என்பதே கைக்கொள்ளக் கூடிய பாடமாக இருந்தது.

புனித நீரையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்தாத வழியை எத்தியோப்பியாவிலும் காணலாம். அங்குள்ள தெவாஹெடோ ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புனித நீர் ஆடுவது நோய் தீர்க்கும் முதன்மையான வழி. அடிஸ் அபாபாவுக்கு மேலேயுள்ள என்டோட்டோ மலையின் புனித ஊற்றுக்கு வந்த எச்.ஐ.வி. நோயாளிகள் பலர் மாத்திரையை விட்டுவிட்டு நீரை மட்டுமே நம்பினார்கள். 2007-இல் மறைமுதல்வர் அபூனே பவுலோஸ், மருந்தும் புனித நீரும் இரண்டுமே இறைவனின் கொடை, இரண்டையும் சேர்த்தே கொள்ளலாம் என்று வெளிப்படையாக அறிவித்தார். சுகாதார அமைச்சகம் நூறு முறை சொல்லியும் பெறாத நம்பகத்தை அந்த ஓர் அறிவிப்பு பெற்றது என்றால் மிகையாகாது. அதே மேட்டுநிலங்களில், எரிமலைச் செம்மண்ணில் வெறுங்காலோடு நடப்பதால் கால் வீங்கும் போடோகோனியோசிஸ் என்ற நோய் உண்டு. பரம்பரைச் சாபம் என்று அஞ்சி நோயாளிகளை விலக்கி வைப்பார்கள். அவர்களும் புனித ஊற்றைத் தேடி வருகிறார்கள். அந்த நோய்க்கு மருத்துவம் சொல்லும் முதல் சிகிச்சையும் காலைச் சோப்புப் போட்டு நாள்தோறும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, களிம்பு தடவி, காலணி அணிவதுதான். கழுவுதல் என்ற செயலில் சடங்கும் மருத்துவமும் இயல்பாகவே சந்திக்கின்றன.

ஆனால் கல்வியின் எல்லையையும் எத்தியோப்பியாவே காட்டியது. அம்ஹாரா பகுதியில் கண்ணைக் குருடாக்கும் ட்ரக்கோமா நோய்க்கு எதிராக 40 ஊர்ப்பகுதிகளைத் தேர்ந்து, அவற்றில் பாதியில் நீர்நிலை அமைத்து, கழிப்பறையையும் முகம் கழுவும் பழக்கத்தையும் ஊக்குவித்து, மூன்றாண்டுகள் நடத்திய ‘வுஹா’ ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. கண்ணிலுள்ள கிருமித்தொற்று குறையவில்லை. போதகர் சொன்னாலும் ஆசிரியர் சொன்னாலும், நோய் அடர்ந்து கிடக்கும் இடத்தில் பழக்கம் மாறுவது மட்டும் போதாது என்பதை அந்த முடிவு நேர்மையாகச் சொல்கிறது. சமயத் தலைவர்களை வைத்துப் பேசச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணும் திட்ட வகுப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓஷுன் கரையில் இந்த எச்சரிக்கை இன்னும் கூர்மையாகிறது. குருமார்களிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்து, ‘குடிக்காதீர்கள்’ என்று சொல்லச் செய்வது எளிது. பழுப்பு நீரை அனுப்பும் மேல்பகுதிச் சுரங்கங்கள் அப்படியே இருக்க, தம் தெய்வத்தைப் பற்றித் தம் வாயாலேயே குறை சொல்ல வைக்கும் கொடுமை அது. அவர்கள் இங்கே கல்வி பெற வேண்டியவர்கள் மட்டும் அல்லர்; முதலில் தீங்கிழைக்கப்பட்டவர்கள். சாயப் பானை உடைந்த கதை அவர்களுக்குத் தெரியும். நீர் மாதிரி எடுக்கும் பயிற்சியையும், ஆய்வு முடிவை யொரூபாவில் எழுதிக் கரையிலேயே வைக்கும் உரிமையையும், சுரங்க உரிமம் வழங்கும் அவையில் ஓர் இருக்கையையும் அவர்களுக்கு அளித்தால், அவர்கள் சொல்லும் எச்சரிக்கைக்கு வேறு கனம் வரும். வழியைத் துப்புரவு செய்யும் இவோபோபோ சடங்கு இன்று அரண்மனையிலிருந்து ஆற்றங்கரை வரை நடப்பது. அழுக்கு வருவதோ இலேஷாப் பக்கத்து ஓடைகளிலிருந்து.

அதுவரை, ஆகஸ்டில் வரும் கூட்டத்திற்கு உடனே சொல்லக்கூடியவை சில உண்டு. நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதாலும் கால் நனைப்பதாலும் உடலில் சேரும் உலோகம் மிகக் குறைவு. கேடு பெரும்பாலும் குடிப்பதாலும், ஆற்று மீனைத் தொடர்ந்து உண்பதாலும்தான். கருவுற்ற பெண்ணும் கருவுற விரும்பும் பெண்ணும் சிறு குழந்தையும் ஒரு மிடறும் குடிக்க வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோகும் நீரைச் சமையலறையில் வைக்காமல் வழிபாட்டிடத்தில் வைக்கலாம். கோயில்காட்டின் வாசலிலேயே நல்ல குழாய்நீரை வைத்து, அதை ஓஷுனின் பெயரால் குடிக்கக் கொடுக்கலாம். வழிபாட்டில் ஒன்றும் குறையாமல் இவையெல்லாம் நடக்கக்கூடும். ஆனால் எது குறையும் எது குறையாது என்று தீர்மானிக்கும் தகுதி வெளியாருக்கு இல்லை. கரையில் வெண்ணிற ஆடையோடு நின்று, வருபவளின் கேனை வாங்கி நிரப்பிக் கொடுக்கும் மூத்த பூசாரிப் பெண்தான் அதை அவளிடம் சொல்லக் கூடியவள்.